ராஜாவின் பந்தியில் ஒரு பிள்ளை



இரண்டாம் சாமுவேல் ஒன்பதாம் அதிகாரத்தை நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். லோதேபாரில் மறைந்து வாழ்ந்த மேவிபோசேத்தைத் தாவீது ராஜா அழைப்பித்தார். யோனத்தானுக்காக அவனுக்குத் தயைசெய்து, சவுலின் நிலங்களைத் திரும்பக் கொடுத்து, தம்முடைய குமாரரில் ஒருவனைப்போலத் தமது பந்தியில் அமரச்செய்தார். இதைக் குறித்து எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். ஆகிலும் அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தை நாம் வேகமாகக் கடந்துபோகிறோம். அவன் அனுதினமும் ராஜாவின் பந்தியில் உண்டான் என்று சொன்ன வேதம், அவனுடைய இரண்டு கால்களும் முடமாகவே இருந்தன என்பதையும் அங்கேயே எழுதி முடிக்கிறது. தயை கிடைத்தது, கால்கள் நேராகவில்லை. இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன.

இந்த வசனத்தை நான் நினைவுகூருவதற்குக் காரணம், நம் வாசகியான ஒரு தாயார் எழுதிய கடிதம். அவர்களுடைய மகனுக்கு ஏழு வயதில் சிறுமூளையில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, பல மாதங்கள் மருந்து என்று எல்லாவற்றையும் கடந்து பிள்ளை பிழைத்தான். சபையில் சாட்சி சொன்னார்கள், ஸ்தோத்திரபலி ஏறெடுத்தார்கள். இன்று அவனுக்குப் பதினான்கு வயது. வகுப்பில் பின்தங்கியிருக்கிறான். தன் தம்பியைவிடக் குள்ளமாக இருக்கிறான். பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்பதில்லை. "முழு சுகம் என்று சாட்சி சொன்னீர்களே, பின்னே ஏன் இப்படி இருக்கிறான் என்று விசுவாசிகளே கேட்கிறார்கள் ஐயா. நாங்கள் சொன்ன சாட்சி பொய்யா?" என்று அந்தத் தாயார் கேட்கிறார்கள்.

பிரியமானவர்களே, இந்தக் கேள்வி அந்த ஒரு தாயாருடையது மாத்திரமல்ல. மும்பை, டெல்லி, பெங்களூரு போன்ற பட்டணங்களில் உள்ள நம் சபைகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே இம்மாதம் இந்த வியாதியைக் குறித்தும், அதன் சிகிச்சையைக் குறித்தும், சிகிச்சைக்குப் பின்வரும் நீண்ட ஆண்டுகளைக் குறித்தும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வியாதியை அறிந்துகொள்ளுவோம்

பிள்ளைகளுக்கு வரும் கட்டி வடிவிலான புற்றுநோய்களில் மூளைக்கட்டியே உலகளவில் முதலிடத்தில் இருக்கிறது. அதில் பல வகைகள் உண்டு. மெதுவாய் வளரும் கட்டிகள் உண்டு. அவற்றில் சிலவற்றை முழுவதும் அகற்றிவிட்டாலே போதும். சிறுமூளையில் தோன்றி வேகமாய்ப் பரவும் மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் கட்டி, பிள்ளைகளுக்கு வரும் வீரியமுள்ள மூளைக்கட்டிகளில் அதிகமாய்க் காணப்படுவது. மூளைத்தண்டில் பரவி வளரும் ஒருவகைக் கட்டியை இன்றைய மருத்துவத்தாலும் குணப்படுத்த இயலவில்லை.

விடியற்காலையில் தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், திடீரென்று வந்த மாறுகண் அல்லது இரட்டைப் பார்வை, தலையை ஒருபக்கமாய்ச் சாய்த்தே வைத்திருத்தல், வலிப்பு, கைக்குழந்தையானால் தலை அளவுக்கு மீறிப் பெரிதாகுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். வாந்தியைப் பித்தம் என்றும், தள்ளாட்டத்தைச் சோம்பல் என்றும் எண்ணி நாட்களை வீணாக்குகிறோம். காலை வாந்தியும் தலைவலியும் தொடர்ந்தால், பிள்ளையைக் குழந்தை மருத்துவரிடம் கொண்டுசென்று, ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள்.

இது யார் செய்த பாவம் என்ற கேள்வி நம் ஜனங்களுக்குள் சீக்கிரமாய் எழும்புகிறது. பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்களும் இதையே கேட்டார்கள். ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார் (யோவான் 9). பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தக் கட்டி ஏன் வந்தது என்பதற்கு மருத்துவர்களால் காரணம் சொல்லக்கூடவில்லை. மிகச் சிலருக்கு மாத்திரமே பரம்பரைக் காரணம் உண்டு. 1969-ல் நிலாவில் முதன்முதலாகக் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் சிறு மகள், 1962-ல், மூன்று வயது நிறைவதற்கு முன்னே, மூளைத்தண்டுக் கட்டியினால் மரித்தாள். இந்த வியாதி ஒரு தேசத்தையோ குடும்பத்தையோ தெரிந்துகொண்டு வருவதல்ல. கர்ப்பகாலத்தில் தான் எதைச் செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம் என்று மனம் நொந்துகொண்டிருக்கும் தாய்மாரே, அந்தப் பாரத்தை இறக்கிவையுங்கள்.

சிகிச்சையும் விசுவாசமும்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு, 1925-ல், அமெரிக்க மருத்துவர்களான ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும் மெடுல்லோபிளாஸ்டோமாவைத் தனி வியாதியாக அடையாளங்கண்டார்கள். அக்காலத்தில் அறுவை சிகிச்சை செய்தும் பிள்ளைகள் பிழைப்பது மிக அரிது. 1950-களில் மூளை முழுவதற்கும் முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுக்கத் தொடங்கினார்கள், நிலைமை மாறிற்று. பின்பு கீமோதெரபி மருந்துகளும் சேர்ந்தன. இன்று நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில், கட்டி பரவாத நிலையிலுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய 100-க்கு 80 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள்.

நம் தேசத்திலும் கர்த்தர் ஊழியக்காரரை எழுப்பினார். 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கிய நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவே இந்தியாவில் முதலாவது. 1941-ல் திறக்கப்பட்ட மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கும், 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கும் ஏழைகள் தூரத்திலிருந்து வருகிறார்கள். சுற்றியுள்ள நல்ல திசுக்களில் கதிர் குறைவாய்ப் படும்படி செய்கிற புரோட்டான் சிகிச்சையும் 2019-ல் சென்னையில் தொடங்கிற்று.

அறுவை சிகிச்சை முடிந்து ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் கதிர்வீச்சு தொடங்கவேண்டும். பின்பு வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் சுமார் ஆறு வாரங்கள் அது நடக்கும். இங்கேதான் சில குடும்பங்கள் தவறிப்போகின்றன. கட்டியை எடுத்தாயிற்று, பிள்ளை நடக்கிறான், ஊருக்குப் போய் நாற்பது நாள் உபவாசமிருந்து ஜெபித்துவிட்டு வருவோம் என்கிறார்கள். ஜெபம் செய்யுங்கள், நானும் உங்களோடு ஜெபிக்கிறேன். ஆனால் உபவாசமும் நடக்கட்டும், கதிர்வீச்சும் நடக்கட்டும். காலதாமதம் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுப்பதாக வாக்குரைத்த கர்த்தரின் தீர்க்கதரிசிதான், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38). வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே வாயிலிருந்து வந்தன.

இன்னொரு காரியம். மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர், ஓரிரு நாட்களில் பேச்சை இழந்துபோகிறார்கள். விழித்திருப்பார்கள், அழுவார்கள், பேசமாட்டார்கள். இது சிறுமூளையில் நடந்த அறுவை சிகிச்சையின் விளைவு. வாரங்கள் அல்லது மாதங்களுக்குப் பின் பேச்சு திரும்ப வரும். பலருக்குப் பேச்சு மெதுவாகவும் குழறலாகவும் இருக்கும். இதைக் கண்டவுடன் ஊமையான ஆவி என்று சொல்லித் துரத்த முற்படவேண்டாம். மத்தேயு 4:24-ஐக் கவனித்து வாசியுங்கள். பிசாசு பிடித்தவர்களை ஒரு வகையாகவும், சந்திரரோகிகளையும் திமிர்வாதக்காரரையும் வேறு வகைகளாகவும் சுவிசேஷகன் பிரித்து எழுதியிருக்கிறான். வேதம் பிரித்துச் சொன்னதை நாம் ஒன்றாய்க் கலக்கலாகாது. அந்தப் பிள்ளைக்குத் தேவையானது பேச்சுப் பயிற்சி, பொறுமை, தாயின் மடி.

பிழைத்தபின் வரும் வருஷங்கள்

இப்பொழுது அந்தத் தாயாருடைய கேள்விக்கு வருகிறேன். கட்டியை அழித்த அதே சிகிச்சை, வளர்ந்துகொண்டிருந்த மூளையையும் தொட்டிருக்கிறது. அதன் விளைவுகள் உடனே தெரிவதில்லை. சில வருஷங்கள் கழித்தே வெளிப்படுகின்றன.

முதலாவது, படிப்பு. கதிர்வீச்சு பெற்ற பிள்ளை தான் ஏற்கெனவே கற்றதைப் பெரும்பாலும் மறந்துபோவதில்லை. புதியதைக் கற்கும் வேகம்தான் குறைந்துபோகிறது. மற்றப் பிள்ளைகள் ஒரு வருஷத்தில் ஒரு படி ஏறும்போது இவன் அரைப் படி ஏறுகிறான். ஆகவே வருஷம் செல்லச்செல்ல இடைவெளி பெரிதாகிறது. இரண்டாம் வகுப்பில் தெரியாத குறை ஏழாம் வகுப்பில் தெரிகிறது. பெற்றோர் அதைச் சோம்பல் என்று எண்ணி அடிக்கிறார்கள். சிகிச்சையின்போது வயது எவ்வளவு குறைவோ, பாதிப்பு அவ்வளவு அதிகம். இதனாலேயே மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் கூடியமட்டும் கதிர்வீச்சைத் தவிர்க்கவோ தள்ளிவைக்கவோ பார்க்கிறார்கள்.

இரண்டாவது, வளர்ச்சி. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்படுவதால் வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது. முதுகுத்தண்டில் பட்ட கதிர்வீச்சினாலும் உயரம் குறைகிறது. தைராய்டு குறையலாம், பருவமடைதல் முந்தலாம் அல்லது பிந்தலாம். இவற்றில் பலவற்றிற்கு மருந்து உண்டு; காலத்தில் கண்டுபிடிக்கவேண்டும்.

மூன்றாவது, செவி. சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறனைக் கெடுக்கக்கூடும். அது திரும்பி வருவதில்லை. பிள்ளைக்குச் சத்தம் கேட்கும், ஆனால் 'ச', 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகள் தெளிவாய்க் கேட்காது. இரைச்சலுள்ள இடத்தில் ஒன்றும் புரியாது. அவனைக் கீழ்ப்படியாதவன் என்று சொல்லுவதற்கு முன்பு செவிப்பரிசோதனை செய்யுங்கள். காது கேட்கும் கருவி வெட்கத்திற்குரியதல்ல.

இவற்றோடு அதிகக் களைப்பு, நடையில் தள்ளாட்டம், வலிப்பு, நண்பர் இல்லாத தனிமை ஆகியவையும் உண்டு. அநேக ஆண்டுகளுக்குப் பின்பு இரண்டாவது கட்டி வரும் வாய்ப்பும் சிறிதளவு உண்டு. ஆகவே ஐந்தாண்டு கடந்தாயிற்று என்று மருத்துவமனையை மறந்துவிடலாகாது. உயரம், தைராய்டு, செவி, பார்வை, படிப்பு ஆகியவற்றை மருத்துவர் குறித்த காலத்தில் தவறாமல் சோதித்துவர வேண்டும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், சிகிச்சை முடித்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்றே ஒரு தனிப் பிரிவு 1991 முதல் இருந்துவருகிறது. எங்கே சிகிச்சை பெற்றாலும், என்ன மருந்து, எவ்வளவு கதிர்வீச்சு என்ற சுருக்கத்தை எழுத்தில் வாங்கி, வீட்டுப் பத்திரங்களோடு பத்திரப்படுத்துங்கள். பட்டணத்துக்குப் பட்டணம் மாறும் நமக்கு இது மிக அவசியம்.

அப்படியானால் சாட்சி பொய்யா? இல்லை, சகோதரியே! மரணத்தின் வாசலிலிருந்து கர்த்தர் உங்கள் மகனைத் தூக்கியெடுத்தார், அது மெய். அவன் தள்ளாடி நடக்கிறான், அதுவும் மெய். மேவிபோசேத்தின் கால்கள் முடமாயிருந்ததினால் தாவீதின் தயை பொய்யாகிவிடவில்லை. முழு சாட்சி என்பது இரண்டையும் சொல்வதுதான். கர்த்தர் மேலும் செய்ய வல்லவர் என்று நாம் விசுவாசிக்கிறோம். அதற்காக ஜெபிப்பதையும் விடமாட்டோம். ஆனால் அவர் இன்னும் செய்யாத ஒன்றை வைத்து, ஏற்கெனவே செய்ததை மறுதலிக்கக்கூடாது. பிள்ளையின் பெற்றோரை விசுவாசக் குறைவுள்ளவர்கள் என்று தீர்க்கவும்கூடாது.

சபை செய்யவேண்டியது என்ன?

யவீருவின் பன்னிரண்டு வயது மகளை உயிரோடெழுப்பின ஆண்டவர், அடுத்ததாக அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி கட்டளையிட்டார் (மாற்கு 5). அற்புதம் அவருடைய வேலை. அதற்குப்பின் போஜனம் கொடுப்பது வீட்டாருடைய வேலை. நாமே அந்த வீட்டார்.

1. மருந்தை நிறுத்தும்படி ஒருவரும் சொல்லவேண்டாம். தைராய்டு மாத்திரையும், ஸ்டீராய்டு ஹார்மோன் மாத்திரையும் சரீரம் தானாகச் சுரக்காததைக் கொடுக்கின்றன. ஸ்டீராய்டை உட்கொள்ளும் பிள்ளை அதைத் திடீரென்று நிறுத்தினாலும், காய்ச்சல் வாந்தி வரும்போது மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்டாமல் விட்டாலும், உயிருக்கே மோசமாகும். இப்படிப்பட்ட பிள்ளைகள் உபவாசம் இருக்கக்கூடாது. உபவாச ஜெபத்தன்றும் அவர்களுக்கு வேளாவேளைக்கு உணவும் மருந்தும் கொடுங்கள்.

2. தலையில் கைவைத்து ஜெபிக்கும்போது மென்மையாய் வையுங்கள். மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்கு வடிக்கும்படி தோலுக்கடியில் ஷன்ட் என்னும் குழாய் அநேகருக்கு வைக்கப்பட்டிருக்கும். அழுத்துவதும் தள்ளுவதும் கூடாது. ஷன்ட் உள்ள பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, அதிகத் தூக்கம் வந்தால், ஆராதனையின் நடுவில் இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

3. கீமோதெரபி நாட்களில் கூட்டமாய்ச் சென்று பார்க்கவேண்டாம். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் கிட்டவே போகவேண்டாம். அதற்குப் பதிலாக வாலிபர்கள் இரத்தமும் பிளேட்லெட்டும் தானம் செய்யலாம். தமிழ் மாத்திரம் அறிந்த தாய்க்கு ஹிந்தியோ கன்னடமோ அறிந்த ஒரு சகோதரி துணையாய்ச் சென்று, மருத்துவர் சொல்வதை விளக்கலாம். வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு வேளை உணவு சமைத்துக் கொடுக்கலாம். அவர்களும் பயந்துதான் இருக்கிறார்கள்.

4. பண உதவிக்கு வழிகள் உண்டு. மருத்துவமனைகளிலுள்ள சமூகப்பணியாளரைச் சந்தியுங்கள். 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. புற்றுநோயாளிக்கும் துணை செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. தூரத்திலிருந்து வரும் குடும்பங்களைத் தங்கவைக்க, செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் என்னும் அமைப்பு 2006 முதல் இலவச இல்லங்களை நடத்திவருகிறது.

5. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, மனப்பாட வசனப் போட்டியில் எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளக்கவேண்டாம். பத்து வசனத்திற்குப் பதில் இரண்டு போதும். அவனை முன்வரிசையில், ஒலிபெருக்கிக்குத் தூரமாய் உட்காரவையுங்கள். முகத்தைப் பார்த்து, மெதுவாய்ப் பேசுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள். பெற்றோரே, பள்ளிக்கூடத்திலும் பொதுத்தேர்விலும் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஒருவரும் கேட்க வழியுண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிள்ளைக்குரிய உரிமைகளைக் கொடுத்திருக்கிறது. சான்றிதழ் வாங்கினால் கல்யாணம் தடைபடும், ஊரார் பேசுவார்கள் என்று மறைக்கிறோம். மறைப்பதினால் பிள்ளை உதவியை இழக்கிறானே தவிர, வேறொரு பயனுமில்லை.

6. சபையில் வேலை கொடுக்கும் நிலையிலுள்ள சகோதரர்களே, தாவீது மேவிபோசேத்துக்கு இருக்கையை மாத்திரம் கொடுக்கவில்லை. நிலத்தைக் கொடுத்தார், அதைப் பயிரிட சீபாவையும் அவனுடைய குமாரரையும் வேலைக்காரரையும் நியமித்தார். வளர்ந்துவிட்ட இந்தப் பிள்ளைகளுக்கு அவர்களால் செய்யக்கூடிய வேலையைக் கற்றுக்கொடுங்கள். மெதுவாய்ச் செய்வார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

7. பிழைக்காத பிள்ளைகளும் உண்டு. குணப்படுத்த முடியாத கட்டி என்று மருத்துவர் சொன்னபின்பும், வலியைத் தணிக்கும் மருத்துவம் உண்டு, அதை மறுக்காதிருங்கள். அடக்க ஆராதனையோடு நம் வருகையும் முடிந்துவிடலாகாது. ஆறு மாதம் கழித்தும் அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஏன் என்று விளக்க முற்படவேண்டாம். லாசருவின் கல்லறையருகே ஆண்டவரே கண்ணீர்விட்டார்.

இந்த மாதத்தில் ஒவ்வொரு குடும்பமும் உங்கள் சபையில் இப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் வீட்டாரை ஒரு வேளை போஜனத்திற்கு அழையுங்கள். சாட்சி கேட்பதற்காக அல்ல, கேள்வி கேட்பதற்காகவும் அல்ல. சேர்ந்து சாப்பிடுவதற்காக அழையுங்கள். அந்தப் பிள்ளை மெதுவாய்ச் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரும் எழுந்திருக்கவேண்டாம்.

*ஜெபம்:* அன்பின் பரம பிதாவே, நீர் பிழைக்கப்பண்ணின பிள்ளைகளுக்காக ஸ்தோத்திரம். அவர்கள் கற்கவும் வளரவும் வேண்டிய பெலனைத் தாரும். அவர்களைத் தாங்கும் பெற்றோருக்குப் பொறுமையையும், மருத்துவருக்கு ஞானத்தையும், எங்கள் சபைகளுக்கு இரக்கமுள்ள இருதயத்தையும் தாரும். பிள்ளைகளை இழந்து கலங்கும் வீடுகளை ஆற்றித் தேற்றும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.